சீரகம் மடித்துக் கொடுத்த பக்கம்

பாய்,

போன வாரம் உங்கள் கடை இருந்த இடத்தைக் கடந்து போனேன். இந்த மாதத்திலிருந்து அது சாக்லேட் கடை. நீங்கள் மிளகு மூட்டையைச் சாய்த்து வைத்திருந்த மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் விளக்கு. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ‘துணிப்பை மஸ்ட்’ என்று தமிழ் எழுத்தில் இருந்தது.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. உள்ளே போனேன். துணிப்பை இல்லாமல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். நாங்கள் பை தர மாட்டோம், கையில் வாங்கிக்கொண்டு போகலாம் என்றாள். அப்படியானால் மஸ்ட் என்று எழுதியது தவறு, பை கொண்டுவந்தால் நல்லது என்பதற்கு வேறு சொல் இருக்கிறது, மஸ்ட் என்றால் பை இல்லாதவனை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்றேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அந்தப் பெண் கோபப்படவில்லை. “பெரியவரே, உங்களுக்கு என்ன வேணும்?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த ‘வேணும்’ என் வாயை அடைத்துவிட்டது. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. பார்த்தீர்களா, இங்கேயும் அதே சொல். ஆசையையும் கடமையையும் தமிழ் ஒரே சொல்லால் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. நாம் இரண்டு பேரும் பட்ட பாடெல்லாம் அதனால்தான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். நீங்கள் வேறு காரணம் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவன். அதை மறைத்ததில்லை. வில்பட்டியில் எங்கள் அப்பாவுக்கு இருந்த நிலத்தில் கேரட்டும் பூண்டும் போட்டு, வாரத்துக்கு மூன்று நாள் மூட்டையோடு பஜாருக்கு வருவேன். லாரி வரும்வரை உங்கள் மளிகைக் கடைப் படியில் உட்கார்ந்திருப்பேன். பொட்டலம் மடிக்க நீங்கள் பழைய தாள்களைக் கட்டுக்கட்டாக வாங்கிப் போட்டிருப்பீர்கள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் கழித்துக் கட்டிய ஒரு கட்டில்தான் அந்த ஆங்கில இலக்கணப் புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை. முன்னால் கொஞ்சம் பக்கம் இல்லை. நடுவிலும் பின்னாலும் நீங்கள் ஏற்கெனவே கிழித்துப் பயன்படுத்தியிருந்தீர்கள். அதை எனக்குத் தாருங்கள் என்று கேட்டபோது நீங்கள் சிரித்தீர்கள்.

“இத வச்சு என்ன பண்ணப் போற மாப்ள? கேரட்டுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப் போறியா?”

நான் எனக்கே சொல்லிக்கொடுத்தேன். ஒரு நோட்டைப் போட்டு, ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் என்று எழுதினேன். ஒன்றுக்கு ஒன்று. அதுதான் என் முறை. மஸ்ட் என்பதற்கு எதிரில் ‘வேண்டும்’. மஸ்ட் நாட் என்பதற்கு எதிரில் ‘வேண்டாம்’. அந்தப் பாடம் முடிகிற இடத்தில் பக்கம் கிழிந்திருந்தது. பாடம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மூன்று வருடத்தில் வில்பட்டிக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதித் தருகிற அளவுக்கு வந்துவிட்டேன். சாலை கேட்டு எழுதிய மனு உங்களுக்கு நினைவிருக்கும். ‘எங்கள் ஊருக்குச் சாலை போட வேண்டும்’ என்பதை ‘யூ மஸ்ட்’ என்று தொடங்கி எழுதிக் கொடுத்தேன். அதிகாரி ஆள் அனுப்பி, எனக்கு உத்தரவு போடுகிற அந்த ஆளை நான் பார்க்க வேண்டும் என்றாராம். நான் போகவில்லை. ஆனால் சாலை வந்தது. நீங்கள் அதைப் பஜார் முழுக்கச் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கு ‘மஸ்ட்டு மாப்ள’ என்று பெயர் வைத்தது அப்போதுதான். எனக்கு வருத்தமில்லை. சாலை வந்ததா இல்லையா?

உங்கள் மகன் ஜமால் கப்பலில் சமையல் வேலைக்குப் போனதும், கோவாவில் மரியா என்ற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதும், நீங்கள் இரண்டு வருடம் அவன் பெயரையே எடுக்காமல் இருந்ததும் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அவள் கிறிஸ்தவப் பெண் என்பதைவிட, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் உங்களை உறுத்தியது. பாத்திமா அக்கா அதே இரண்டு வருடம் அடுப்படியில் அழுதார். பிறகு குழந்தை பிறந்தது என்று செய்தி வந்தது. அன்று நீங்கள் ஒரு கிலோ துவரம்பருப்பு கேட்டவருக்கு ஒரு கிலோ கடலைப்பருப்பைப் போட்டுக் கொடுத்தீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன்.

ஜமால் தொலைபேசியில் ஒரு நிபந்தனை வைத்தான். “அத்தா, எங்கிட்டப் பேசறதுக்கு முன்னால அவகிட்ட ஒரு வார்த்த பேசுங்க.” அவளுக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. அவன் மறுநாள் கப்பல் ஏறுகிறான், திரும்பி வரப் பத்து மாதம். அவன் சொன்ன முகவரியை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தப் பார்வைக்காகத்தான் நான் அத்தனை வருடம் அந்த நோட்டை எழுதினேன் என்று அப்போது தோன்றியது.

மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம். நீங்கள் சொன்னதை வரி பிசகாமல் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். “பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரம் நீ வர வேண்டாம்மா. நாங்களே வந்து பாத்துக்கிறோம்.” இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியும். மூன்று முறை தொண்டையைச் செருமினீர்கள். ‘அம்மா’ என்ற சொல்லை முதலில் சேர்க்கவில்லை. பிறகு, “அத ஒண்ணு சேத்துக்க” என்றீர்கள்.

நான் எழுதினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ‘யூ மஸ்ட் நாட் கம்’. அடுத்த வரியில், நாங்கள் வந்து அதைப் பார்த்துக்கொள்வோம். ‘அம்மா’ என்பதற்கு என் நோட்டில் மதர் என்று இருந்தது. மருமகளை மதர் என்று அழைத்தால் ஆங்கிலத்தில் நன்றாக இருக்காது என்று அதை விட்டுவிட்டேன். அது ஒன்றுதான் நான் செய்த தவறு. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

பதில் வரவில்லை. சீசன் முடிந்ததும் கோவா போவதென்று நீங்கள் ஒரு பெட்டி வாங்கி வைத்தீர்கள். பாத்திமா அக்கா குழந்தைக்கு மஞ்சள் நூலில் குல்லா பின்னினார். வரலாம் என்று அவள் ஒரு வரி எழுதினால் கிளம்புவது என்று இருந்தீர்கள். மாதங்கள் போயின. “நாம எறங்கி வந்தோம். அவ எறங்க மாட்டேங்குறா” என்று ஒருநாள் சொன்னீர்கள். பெட்டி அப்படியே அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போனது.

அப்புறம் ஒரு காலை ஏதோ துறைமுகத்திலிருந்து ஜமால் கூப்பிட்டான். அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. என் பொண்டாட்டியை வரக் கூடாது என்று எழுதினீர்களா, வந்து பார்த்துக்கொள்கிறோம் என்று மிரட்டினீர்களா, இனிமேல் எழுதவும் வேண்டாம், பேசவும் வேண்டாம் என்றான். வைத்துவிட்டான். நீங்கள் தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

“மாப்ள, நீ என்ன எழுதுன?”

“நீங்க சொன்னதத்தான் எழுதுனேன். வர வேண்டாம்னு சொன்னீங்க.”

“வர வேண்டாம்னுதான சொன்னேன். வரக் கூடாதுன்னா சொன்னேன்?”

சோம்பு வாங்க வந்த வங்கி ஊழியர் ஒருவர் அப்போது படியேறினார். என் நேரம். என் நோட்டை அவரிடம் நீட்டினேன். இரண்டு பக்கமும் இருக்கிறது, தமிழும் ஆங்கிலமும், சரி பாருங்கள் என்றேன். அவர் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மஸ்ட் நாட் என்றால் கூடவே கூடாது என்று அர்த்தம், சிரமம் வேண்டாம் என்பதற்கு ‘நீட் நாட்’ என்று எழுதியிருக்க வேண்டும் என்றார். சோம்பை வாங்கிக்கொண்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

“செரமப்பட வேண்டாம்னு சொல்றதும், வாசப்படி ஏற வேண்டாம்னு சொல்றதும் ஒண்ணாலே?”

“தமிழ்ல ஒண்ணுதான பாய்.”

“கேக்குறவனுக்குத் தெரியாதா?”

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா நான். “அந்த நீட் நாட் எம் புஸ்தகத்துல இல்ல. அந்தப் பக்கத்துல நீங்க சீரகம் மடிச்சுக் குடுத்துட்டீங்க” என்றேன்.

நீங்கள் கையிலிருந்த எடைக்கல்லைச் சத்தமில்லாமல் வைத்தீர்கள். “ஒஞ் சோலியப் பாத்துட்டுப் போ. இனிமே எங் கடப் படி ஏறாத” என்றீர்கள். மொழிபெயர்க்க மிகவும் எளிதான வாக்கியம். எந்தப் புத்தகமும் தேவையில்லை.

அந்த வங்கிக்காரரை வைத்தே நீங்கள் வேறு கடிதம் எழுதியிருக்கலாம். ஆனால் முகவரி எழுதிய சீட்டை நீங்கள் என்னிடம் கொடுத்திருந்தீர்கள். அது என் நோட்டுக்குள் இருந்தது. அதை என்னிடம் கேட்க உங்களுக்கு மனம் வரவில்லை. கொண்டுவந்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் எதிர்க்கடையில் மளிகை வாங்கினேன். அங்கே பருப்பில் கல் இருந்தது. தின்றேன்.

மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் ஒருநாள் சந்தையில் பாத்திமா அக்கா என்னைப் பார்த்துவிட்டார். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். விடவில்லை. திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. முட்டைக்கோஸைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“தம்பி, அந்தப் புள்ளைக்கு என்ன பேருன்னாவது ஒனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. ஜமால் பெண் குழந்தை என்று மட்டும் சொல்லியிருந்தான். பெயரைச் சொல்வதற்குள் பேச்சு நிபந்தனைக்குப் போய்விட்டது. அக்கா தலையை ஆட்டிவிட்டு முட்டைக்கோஸை வாங்காமலே போனார். அன்று இரவு என் மனைவி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தட்டை மூடி வைத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் கேரட் விதைப்பு. புது ரக விதை, பொட்டலத்தில் எல்லாம் ஆங்கிலம். பனி விலகாத காலையில் வரப்பில் நின்று படித்தேன். எதையும் படிக்காமல் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. முதல் வரியில் இந்த விதையை ஊறவைக்க ‘நீட் நாட்’ என்று இருந்தது. அதற்குக் கீழே, மருந்து கலந்த விதை, இதைத் தின்ன ‘மஸ்ட் நாட்’ என்று இருந்தது.

தமிழில் சொன்னால் இரண்டும் வேண்டாம்தான். ஊறவைக்க வேண்டாம். தின்ன வேண்டாம். ஆனால் நான் விவசாயி. ஊறவைத்தால் ஒன்றும் ஆகாது, நமக்கு ஒரு வேலை கூடுதல், அவ்வளவுதான். தின்றால் ஆள் போய்விடுவான். நீங்கள் அந்தப் பெண்ணிடம், மகளே, ஊறவைக்கிற வேலை உனக்கு எதற்கு என்று சொல்லச் சொன்னீர்கள். நான் அவளிடம் எங்கள் வீடு விஷம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

விதையைத் தூவாமல் வீட்டுக்குத் திரும்பினேன். நோட்டை எடுத்தேன். இந்த முறை யாரும் சொல்லச் சொல்லவில்லை. அதனால் தமிழில் முதலில் எழுதிக்கொள்ளவில்லை. நேராக ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வரியாக எழுதினேன். முந்தைய கடிதத்தை எழுதியவன் நான், ஜமாலின் தந்தை இல்லை. அதில் மஸ்ட் நாட் என்று இருக்கும் இடத்தில் நீட் நாட் என்று படிக்கவும். நீ பச்சைக் குழந்தையோடு சிரமப்படக் கூடாது என்பதற்காக அவர்களே கிளம்பி வருவதாக இருந்தார்கள். பெட்டி வாங்கியிருக்கிறார்கள். மஞ்சள் குல்லா தயாராக இருக்கிறது. குழந்தையின் பெயர் தெரியாமல் அதன் பாட்டி சந்தையில் என்னிடம் கேட்கிறார். நீ வர வேண்டும். இங்கே மஸ்ட் என்றே எழுதுகிறேன். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மன்னிக்கவும் என்று எழுதவில்லை. எழுதத் தெரியும். எழுதவில்லை.

சீட்டில் இருந்த முகவரிக்குத் தபாலில் போட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நான் உங்கள் கடைக்கு எதிரில் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். வத்தலக்குண்டு பஸ்ஸில் வந்த கூட்டத்தில் ஒரு பெண், மார்பில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, தோளில் பையோடு, ஒவ்வொரு கடையாகப் பெயரைப் படித்துக்கொண்டு வந்தாள். தலை நனைந்திருந்தது. உங்கள் கடை முன்னால் நின்றாள். படியேறினாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து உங்கள் தராசுத் தட்டின் மேல் வைத்தாள்.

நீங்கள் அந்தத் தாளைப் பார்த்தீர்கள். அவளைப் பார்த்தீர்கள். குழந்தையைப் பார்த்தீர்கள். பிறகு தெருவுக்கு இந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தீர்கள். ஆறு மாதமாகப் பார்க்காத பார்வை.

“ஏலே மாப்ள. இங்க வா. வெரசா வா.”

நான் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து, படிக்குக் கீழேயே நின்றேன். “படி ஏறலாமா?” என்று கேட்டேன்.

“ஏறித் தொல.”

ஏறினேன். தாளை என் பக்கம் நகர்த்தினீர்கள். “இது யாரு கையெழுத்துன்னு எனக்குத் தெரியும். என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லு” என்றீர்கள். என் கடிதத்தை நானே உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பெட்டி என்ற இடத்தில் நீங்கள் அரிசி மூட்டைப் பக்கம் பார்த்தீர்கள். சந்தையில் பாட்டி கேட்டது என்ற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அது உங்களுக்குத் தெரியாத சங்கதி. அந்தப் பெண் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் இறங்கிப் போய்விட்டால் ஜமால் இனி இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீங்கள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தீர்கள். கல்லாவை விட்டு வெளியே வந்தீர்கள். வியாபார நேரத்தில் நீங்கள் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

“வரணும்மா. வரணும்” என்றீர்கள். பிறகு என்னிடம், “சொல்லு அவகிட்ட.”

பாய், என் வாழ்க்கையில் எனக்கு வந்த மிகக் கடினமான வாக்கியம் அது. வந்து நிற்கிறவளைப் பார்த்து வரணும் என்கிறீர்கள். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இது? கிழியாத புத்தகத்திலும் இருக்காது. அது கட்டளையும் இல்லை, கடமையும் இல்லை. வாசலில் நிற்கிற விருந்தாளியைப் பார்த்து, நீ வர வேண்டும் என்று இத்தனை நாள் இருந்தோம் என்று சொல்கிற வரணும். எனக்கு அதற்கு ஒரு சொல் அகப்படவில்லை. நோட்டில் இருந்ததைத்தான் சொன்னேன். நீ கட்டாயம் வர வேண்டும் என்கிறார் என்று, மஸ்ட் போட்டே சொன்னேன்.

அவள் தன் நனைந்த துணியைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். “ஐ ஹேவ் கம்” என்றாள்.

“என்னங்குறா?”

“வந்துட்டேனேங்குறா.”

நீங்கள் சிரித்த சிரிப்பில் அரிசி மூட்டைமேல் உட்கார வேண்டியதாகிவிட்டது. அவளும் சிரித்தாள். குழந்தை பயந்து அழுதது. அந்த அழுகை பின்கட்டுக்குக் கேட்டு பாத்திமா அக்கா ஈரக் கையோடு ஓடிவந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. குழந்தையின் நெஞ்சைத் தொட்டு, புருவத்தை உயர்த்தினார். “நீனா” என்றாள் மரியா. அக்கா அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, உள்ளே போய்க் குல்லாவை எடுத்து வந்தார். தலைக்குச் சின்னதாகிவிட்டிருந்தது. ஆனாலும் போட்டுவிட்டார்.

ஜமால் கப்பலிலிருந்து நேரே இங்கே வந்தான். பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது வந்தார்கள். அந்தக் கடிதத்தைப் பற்றி நாம் இருவரும் அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் ஒருமுறை மதுரைக்குச் சரக்கெடுக்கப் போய்விட்டு வந்து, புது இலக்கணப் புத்தகம் ஒன்றை என் முன்னால் வைத்தீர்கள். “இதுல எல்லாப் பக்கமும் இருக்கு மாப்ள. எண்ணிப் பாத்துட்டேன்.” நன்றி சொன்னேன். பிரிக்கவில்லை. எனக்கு என் பழைய புத்தகம் போதும். சீரகத்தைப் பற்றி நான் சொன்னதையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அது நடக்காமல் இருந்திருந்தால் அந்தச் சாரல் மத்தியானமும் நடந்திருக்காது என்று நீங்கள் சொல்வீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால் நீங்கள் சொல்வது சரி என்று ஆகிவிடாது.

கடைசி வருடம் உங்களுக்கு மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டது. கடையைக் கைமாற்றிவிட்டுப் பின்கட்டு வீட்டில் கட்டிலோடு இருந்தீர்கள். நான் வாரா வாரம் வந்தேன். ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்து, வில்பட்டி சாலையில் ஓரிடத்தில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. அன்று வெள்ளனே உங்கள் போன் வந்தது.

“மழையாக் கெடக்கு மாப்ள. நீ வர வேண்டாம்” என்றீர்கள். வைத்துவிட்டீர்கள்.

உங்கள் குரலில் இழுப்பு இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் நடுவில் ஒரு மூச்சு வாங்கியிருந்தீர்கள். வரக் கூடாது என்கிறவன் வெள்ளனே எழுந்து அதைச் சொல்ல மூச்சைச் செலவழிக்க மாட்டான். என் மகன் தடுத்தான், மருமகள் தடுத்தாள். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நடந்தேன். சரிவு கிடந்த இடத்தில் வேலியைப் பிடித்து ஏறி இறங்கினேன். இந்த வயதில் செய்கிற காரியமில்லை என்று வழியில் இரண்டு பேர் சொன்னார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் நீங்கள் என் சேற்றுக் காலைத்தான் முதலில் பார்த்தீர்கள்.

“வர வேண்டாம்னுல்ல சொன்னேன்?”

“நீட் நாட்தான பாய் சொன்னீங்க?”

நீங்கள் கட்டிலில் சுவர்ப் பக்கமாக ஒதுங்கி எனக்கு இடம் விட்டீர்கள். அக்கா சுக்குக் காப்பி கொண்டுவந்தார். ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிந்தைய வாரம் நீங்கள் போய்விட்டீர்கள். அழுதேன், ஆனால் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை பாய். வேறு எல்லா விஷயத்திலும் எனக்குக் குறை உண்டு. இதில் இல்லை. ஒரு வாக்கியத்தை நான் சரியாக மொழிபெயர்த்தேன், நேரத்துக்கும் மொழிபெயர்த்தேன்.

இப்போது யார் எதை வேண்டாம் என்றாலும் நான் கொஞ்சம் நின்று கேட்கிறேன். முன்பெல்லாம் சொல்லைக் கேட்பேன், இப்போது சொல்கிறவரின் மூச்சையும் கேட்கிறேன். மருத்துவர் ஊறுகாய் வேண்டாம் என்றது மஸ்ட் நாட் என்று தெரிகிறது, விட்டுவிட்டேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் மகன் தினமும் காலையில் “நீங்க தோட்டத்துக்கு வர வேண்டாம்ப்பா” என்கிறான். அதில் என்ன இருக்கிறது என்றும் தெரிகிறது. அதனால் அவனுக்கு முன்னால் தோட்டத்தில் இருக்கிறேன்.

பாத்திமா அக்கா இன்னும் அந்தப் பின்கட்டில்தான் இருக்கிறார். மரியா கோவாவுக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், அக்கா நகர மாட்டேன் என்கிறார். நான் வெள்ளிக்கிழமை தோறும் போகிறேன். கேரட்டோ முள்ளங்கியோ தோட்டத்தில் இருப்பதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். போன வெள்ளிக்கிழமை வாசல்வரை வந்து, என் முழங்காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“ஒவ்வொரு வாரமும் இம்புட்டுத் தூரம் நீ வர வேண்டாம் தம்பி.”

சரிக்கா என்றேன். நாளைக்கு வெள்ளி. முள்ளங்கி பிடுங்கிக் கழுவி வைத்திருக்கிறேன்.